பாறை சொல்லும் உயரம்

2022 டிசம்பர் 9 அன்று, நள்ளிரவை ஒட்டி, மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. அந்த நேரத்தில் காற்று மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 85 வரையிலும் வீசியதாக வானிலைத் துறையின் கணக்கு. பத்தாண்டுகளுக்கு முன், 2012 அக்டோபர் 31 அன்று, நீலம் புயலும் இதே கரையில்தான் ஏறியது. சென்னை பெசன்ட் நகரில் 'பிரதிபா காவேரி' என்ற கப்பல் தரைதட்டியதே, அந்த நாள். நீலம் வந்தது மாலையில். மாண்டஸ் வந்தது இருட்டில். படம் எடுப்பவருக்கு இந்த வேறுபாடு போதும், இரண்டு புயல்களையும் வேறு வேறு உயிரினங்களாகப் பிரித்துவிட. நள்ளிரவில் கரையைக் கடக்கும் புயலின் உச்சத்தை ஏறக்குறைய யாரும் படமெடுப்பதில்லை. நாம் பார்ப்பதெல்லாம் அதற்கு முந்தைய மாலை, அல்லது பிந்தைய காலை.

ஒவ்வொரு புயலுக்கும் ஒரே மாதிரியான படம் ஒன்று வலம் வரும். முன்னால் வெள்ளைச் சுவராக எழும் அலை. பின்னால் அதன் தோளுக்குக்கூட எட்டாத கடற்கரைக் கோயில். பார்த்தவர்களில் பாதிப் பேர் 'ஐயோ' என்பார்கள், மீதிப் பேர் 'கிராபிக்ஸ்' என்பார்கள். இரண்டுமே தேவையில்லை. அந்தப் படம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கோயிலும் அழியப் போவதில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோயிலின் உயரம் சுமார் 18 மீட்டர். அது நிற்கும் தரையையும் சேர்த்து, கடல்மட்டத்திலிருந்து உச்சி 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 300 மீட்டர் தள்ளி, கேமராவை நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரத்தில் பிடித்து நிற்கிறீர்கள். உங்கள் கண்மட்டத்துக்கு மேல் கோயில் 19 மீட்டர் எழுகிறது. அதை 300-ஆல் வகுத்தால் 0.063. இப்போது 15 மீட்டர் தூரத்தில், முகடு நீர்மட்டத்துக்கு மேல் வெறும் 2 மீட்டர் எழும் ஓர் அலை. கண்மட்டத்துக்கு மேல் அது 1 மீட்டர்; 15-ஆல் வகுத்தால் 0.067. ஆள் உயரத்தை விடச் சற்றே பெரிய அலை, ராஜசிம்ம பல்லவனின் கோயிலை முழுதாக மறைத்துவிட்டது.

பலர் இந்தப் பழியை டெலி லென்ஸ் மேல் போடுவார்கள். லென்ஸ் பாவம். இரண்டு பொருள்களின் உயர விகிதத்தைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் இடம் மட்டுமே. டெலி லென்ஸ் செய்வது காட்சியின் நடுத்துண்டை வெட்டிப் பெரிதாக்குவது. அதே இடத்திலிருந்து செல்போனில் எடுத்துப் பிறகு வெட்டினாலும் அதே விகிதம்தான் வரும். ஆக, புயற்கடலின் படத்தை எடுத்துக்கொண்டு 'அலை எவ்வளவு உயரம்?' என்று கேட்பவர், முதலில் 'கேமரா எங்கே நின்றது?' என்று கேட்க வேண்டும். அதைச் சொல்லாத படத்திலிருந்து அலையின் உயரத்தைப் பெற முடியாது.

அளவுகோலாக இருக்கத் தகுந்த ஒரு கல் மாமல்லபுரத்தில் இருக்கிறது. கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே, அலைவாயிலேயே, தனிப் பாறை ஒன்றைக் குடைந்து செய்த சிறு கோயில். மகிடாசுரமர்த்தினி பாறை என்பார்கள். கடற்கரைக் கோயிலைச் சுற்றிக் கடந்த நூற்றாண்டில் கருங்கற்களைக் கொட்டித் தடுப்பு அமைத்ததால், அங்கே அலை கோயிலை நேரடியாகத் தொடுவதில்லை. இந்தப் பாறைக்கு அப்படிப்பட்ட பாதுகாப்பு இல்லை. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை அதன் மேலேயே உடைகிறது. ஏழு, எட்டாம் நூற்றாண்டுச் சிற்பிகள் வெட்டிய மாடத்தின் கீழ்விளிம்பு அதில் இருக்கிறது. புயல் நாளில் நீர்மட்டம் ஏறும், மணல் இறங்கும், கரையே நகரும். அந்த விளிம்பு மட்டும் நகராது. அமைதியான ஒரு நாளில், நீர் வடிந்திருக்கும்போது, மாடத்தின் விளிம்பிலிருந்து பாறையின் உச்சி வரை டேப் வைத்து அளந்துகொண்டால், அதன் பிறகு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் இந்தத் துண்டு எத்தனை பிக்சல் என்று எண்ணி, ஒரு மீட்டருக்கு இத்தனை பிக்சல் என்று சொல்லிவிடலாம்.

ஒரு நிபந்தனை உண்டு. இந்த அளவு, பாறை இருக்கும் அதே தூரத்தில் உள்ள பொருளுக்கு மட்டுமே செல்லும். பாறையில் மோதிப் பாறையிலிருந்தே எழும் நீர்த்தெறிப்புக்குச் செல்லும். பாறைக்கு 50 மீட்டர் முன்னாலோ பின்னாலோ வரும் அலைக்குச் செல்லாது. அந்த அலையை அளக்க வேறு வழி இருக்கிறது. அதைக் காட்டிக் கொடுத்தவர்கள் ஒரு கப்பலின் மாலுமிகள்.

1933 பிப்ரவரி 7. அமெரிக்கக் கடற்படையின் 'ராமாபோ' என்ற எண்ணெய்க் கப்பல் மணிலாவிலிருந்து சான் டியேகோவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பசிபிக்கில் கடும் புயல். கப்பலின் பின்பகுதி அலைப் பள்ளத்தில் இறங்கியிருந்த ஒரு கணத்தில், மேல்தளத்தில் நின்ற அதிகாரி பின்பக்கம் பார்த்தார். பாய்மரக் கூண்டும், பின்னால் வந்த அலையின் முகடும், அடிவானமும் ஒரே கோட்டில் இருந்தன. கப்பலின் அளவுகள் எல்லாம் வரைபடத்தில் இருக்கின்றன. பிறகு வெறும் வடிவியல்தான். விடை 34 மீட்டர். பல பத்தாண்டுகளுக்கு, நம்பத்தகுந்த முறையில் அளக்கப்பட்ட மிக உயரமான கடல் அலை என்று அது பதிவாகியிருந்தது. கருவி எதுவும் இல்லை. ஒரு கண், ஒரு நேர்கோடு, அளவு தெரிந்த ஓர் இரும்புச் சட்டம்.

இதற்கு அடிப்படை ஒரு எளிய உண்மை. அடிவானத்தோடு ஒரே கோட்டில் தெரிகிற எந்தப் பொருளும், தூரம் எதுவானாலும், உங்கள் கண் இருக்கும் உயரத்தில்தான் இருக்கிறது. (புவியின் வளைவு இதில் சிறு பிழையைச் சேர்க்கும், ஆனால் 5 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் அடிவானம் 8 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், கரையோர அலைக்கு அந்தப் பிழையை மறந்துவிடலாம்.) மாமல்லபுரத்துக் கரையில் கடல்மட்டத்துக்கு 3 மீட்டர் உயரத்தில் கேமராவை நிறுத்துங்கள். ஓர் அலையின் முகடு அடிவானக் கோட்டைத் தொட்டால், அது நீர்மட்டத்துக்கு மேல் 3 மீட்டர். கோட்டைத் தாண்டி எழுந்தால் அதற்கும் மேல். இப்படி எடுத்த படத்தில் அலை எத்தனை மீட்டர் தள்ளி இருந்தது என்ற கேள்வியே எழாது. படத்தில் அடிவானம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். புயல் மழையில் அடிவானம் மறைந்துவிட்டால் இந்த வழியும் மூடிக்கொள்ளும்.

சரி, அலை பாறைக்கு வந்துவிட்டது. இங்கேதான் இயற்பியல் சுவையாகிறது.

ஆழ்கடலில் 8 நொடிக்கு ஒன்றாக வரும் அலைகளின் நீளம் சுமார் 100 மீட்டர். அவை மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. கரையை நெருங்கும்போது தரை அவற்றைப் பிடித்து இழுக்கிறது. 2 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது வேகம் நொடிக்கு 4.4 மீட்டராக, அதாவது மணிக்கு 16 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். சைக்கிள் வேகம். நொடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் நீரை நேராக மேலே எறிந்தால் அது 1 மீட்டர்தான் எழும். ஆனால் பாறையில் மோதும் அலை 10 மீட்டருக்குத் தெறிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 10 மீட்டர் எழ வேண்டுமானால் புறப்படும் வேகம் நொடிக்கு 14 மீட்டர் இருக்க வேண்டும். வந்த வேகத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். கூடுதல் வேகம் எங்கிருந்து வந்தது?

அலை முழுவதுமாகச் சுவரில் மோதிச் சிதறுவதால் அல்ல. மோதுவதற்குச் சற்று முன்பே வேலை நடக்கிறது. செங்குத்தான பாறையை நோக்கி அலையின் முகப்பு வருகிறது. அதே நேரத்தில் பாறையடியில் இருக்கும் பள்ள நீர் பாறையோடு ஒட்டி மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. முகப்பும் ஏறும் நீரும் பாறையும் ஒரே புள்ளியை நோக்கிக் குவிகின்றன. இடையில் மாட்டிய சிறிதளவு நீருக்குப் போக ஒரே வழி மேலே. ஈரக் கையில் புளியங்கொட்டையை விரல்களுக்கிடையே அழுத்தினால் அது தெறித்து ஓடுமே, அப்படி. பெரிய அலையின் ஆற்றல் சிறிய நீர்த்துளி ஒன்றுக்கு மாற்றப்படுகிறது. பிரிட்டிஷ் கணிதவியலர்கள் குக்கரும் பெரிக்ரீனும் 1990களின் தொடக்கத்தில் இதைக் கணினியில் கணக்கிட்டபோது, அந்தக் கண நேரத்தில் நீரின் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஆயிரம் மடங்கைத் தாண்டுவதைக் கண்டார்கள். எல்லாம் சில மில்லி நொடிகளில் முடிந்துவிடும்.

இதில் வியப்பு என்னவென்றால், மிக உயரமான தெறிப்பு மிகப் பெரிய அலையிலிருந்து வர வேண்டும் என்பதில்லை. மிகப் பெரிய அலை பாறைக்கு முன்பே உடைந்து, நுரைத்த வெள்ளமாக வந்து சேர்ந்தால் தெறிப்பு மொத்தையாகவும் தாழ்வாகவும் இருக்கும். உடையப் போகும் தறுவாயில், முகம் நிமிர்ந்து, பாறையைத் தொடும் நடுத்தர அலைதான் ஊசியாகக் குத்தும். எது உடையும், எது உடையாது என்பதற்கு ஒரு நடைமுறை விதி உண்டு: ஆழத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு உயரத்தை எட்டியதும் அலை உடையும். 2 மீட்டர் அலை இரண்டரை மீட்டர் ஆழத்தில் உடைந்துவிடும். பாறையடியில் 1 மீட்டர் நீர்தான் இருக்கிறதென்றால், முக்கால் மீட்டருக்கு மேற்பட்ட எந்த அலையும் அதை உடையாமல் அடைய முடியாது.

கல் தடுப்புக்கும் தனிப் பாறைக்கும் உள்ள வேறுபாடும் இதில்தான் இருக்கிறது. கொட்டிய கற்களின் சரிவிலும் இடுக்குகளிலும் நீர் புகுந்து கலைகிறது, குவிய இடமில்லை. பார்க்க அழகில்லாதது, கோயிலுக்கு நல்லது.

இந்த அடியின் வலிமையை முதலில் எண்ணாகச் சொன்னவர் தாமஸ் ஸ்டீவன்சன். ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய குடும்பம். 'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் தந்தை. 1840களில் அவர் ஒரு இரும்புத் தட்டின் பின்னால் சுருள்வில் வைத்த கருவியை ஸ்கெரிவோர் பாறையில் பொருத்தினார். 1845 மார்ச் புயலில் அது காட்டிய அழுத்தம் சதுர அடிக்கு 6083 பவுண்டு. நம் அளவில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 30 டன். மகிடாசுரமர்த்தினி பாறை 1300 ஆண்டுகளாக எத்தகைய அடியைத் தாங்கி நிற்கிறது என்பதற்கு இது ஓர் அடையாளம். அட்லாண்டிக்கின் அலையும் வங்கக் கடலின் அலையும் ஒன்றல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குவிதல் என்ற வித்தை இரண்டு கடலுக்கும் பொது.

கேமராவுக்கு வருவோம். நொடிக்கு 14 மீட்டர் வேகத்தில் கிளம்பும் துளி, ஷட்டர் 1/1000 நொடி திறந்திருக்கும்போது 1.4 சென்டிமீட்டர் நகர்கிறது. அந்தத் துளியே சில மில்லிமீட்டர்தான். ஆக 1/1000-இல்கூடக் கிளம்பும் நீர் கோடாகத்தான் விழும். உச்சிக்குப் போனதும் கதை மாறுகிறது: அங்கே மேல்நோக்கிய வேகம் பூச்சியம். காற்று தள்ளாமல் இருந்தால் 1/250-லேயே ஒவ்வொரு துளியும் முத்தாக உறையும். புயல் மேகத்தின் கீழ் இது சின்ன விஷயமல்ல. உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும் வெளிச்சம், அடர்ந்த புயல் மேகத்தின் கீழ் ஓராயிரத்துக்கு இறங்கிவிடும். ஷட்டர் நேரத்தைப் பிச்சை கேட்டு வாங்க வேண்டிய நிலை. தெறிப்பு தொடங்கும்போது பட்டனை அழுத்தாமல் ஒரு நொடி பொறுத்து அழுத்துபவருக்குத்தான் கூர்மையான படம்.

இந்த 'ஒரு நொடி' சும்மா சொன்னதல்ல; இரண்டாவது அளவுகோல் அதற்குள் ஒளிந்திருக்கிறது. மேலே எறிந்த பொருள் உச்சியைத் தொட எடுக்கும் நேரம், அது எழும் உயரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். 1 நொடி என்றால் 4.9 மீட்டர். 1.4 நொடி என்றால் கிட்டத்தட்ட 10 மீட்டர். 2 நொடி என்றால் 19.6 மீட்டர், கடற்கரைக் கோயிலை விட உயரம். செல்போன் வீடியோ நொடிக்கு 30 சட்டகம் எடுக்கிறது. தெறிப்பு பாறையை விட்டுக் கிளம்பும் சட்டகத்திலிருந்து உச்சியில் தயங்கும் சட்டகம் வரை எண்ணுங்கள். 42 சட்டகம் வந்தால் 1.4 நொடி, உயரம் தெரிந்துவிட்டது. பாறையின் அளவு தெரிய வேண்டாம், நின்ற தூரம் தெரிய வேண்டாம். யாரோ எடுத்து யாரோ அனுப்பிய வீடியோவானாலும் சரி. புவியீர்ப்பை யாரும் ஃபோட்டோஷாப் செய்ய முடியாது. வீடியோவின் வேகத்தைக் குறைத்து ஸ்லோமோஷன் ஆக்கியிருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் அம்பலமாகும்.

பாறையால் அளந்த உயரமும் நேரத்தால் அளந்த உயரமும் ஒத்துப்போனால் மகிழ்ச்சி. ஒத்துப்போகாவிட்டால் இன்னும் மகிழ்ச்சி. பெரிய நீர்க்கட்டிகள் ஏறத்தாழ விதிப்படி பறக்கும். சிறு துளிகளைக் காற்று பிடித்து நிறுத்திவிடும். இரண்டு விடைகளுக்கும் உள்ள இடைவெளி காற்றின் வேலையைக் காட்டுகிறது.

அந்தக் காற்று எவ்வளவு தூரம் வேலை செய்யும்? 1 மில்லிமீட்டர் துளி காற்றில் நொடிக்குச் சுமார் 4 மீட்டர் வேகத்தில் விழும். 10 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர இரண்டரை நொடி. மாண்டஸ் கரையேறியபோது வீசியது போன்ற, நொடிக்கு 20 மீட்டர் காற்று அதற்குள் துளியை 50 மீட்டர் உள்ளே கொண்டுபோய்விடும். பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள துளி நொடிக்குக் கால் மீட்டர்தான் இறங்கும்; அது 700 மீட்டர் தாண்டி ஊருக்குள் வந்து, ஜன்னல் கம்பியில் உப்பாக உட்காரும். கேமரா லென்ஸ் மேல் படிவதும் இதுவே. இதைத் துணியால் துடைப்பவர்கள் பாவம் செய்கிறார்கள். 75 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் கறியுப்பு காயாது, பிசுபிசுத்தே இருக்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடு இருப்பதால் இன்னும் மோசம். மார்கழி மாதக் கடற்கரையில் ஈரப்பதம் பல வேளைகளில் அதற்கு மேல்தான். துடைத்தால் படலம் பரவுமே தவிரப் போகாது. முதலில் நல்ல தண்ணீர், பிறகு துணி. இந்தியத் தொல்லியல் துறை கடற்கரைக் கோயிலுக்குச் செய்வதும் இந்த வழிதான்: ஈரக் காகிதக்கூழைக் கல்லின் மேல் அப்பி, உப்பைக் கரைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். கல்லின் நுண்துளைக்குள் உப்பு கரைந்தும் உறைந்தும் மாறி மாறி விளையாடினால் சிற்பத்தின் மூக்கும் விரலும் மணிமணியாக உதிரும்.

உப்புத் தெறிப்பு ஒரு பரிசும் தரும். பிற்பகல் இரண்டரை மணிக்கு மேல், முதுகில் சூரியன், எதிரே கடல். டிசம்பரில் மாமல்லபுரத்தில் சூரியன் அந்த நேரத்துக்குப் பிறகு 42 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடுவதால், தெறிப்பில் வானவில் அடிவானத்துக்கு மேலேயே எழும். பின்னால் மழையும் பெய்துகொண்டிருந்தால் கவனித்துப் பாருங்கள்: மழையின் வில்லும் கடல்தெறிப்பின் வில்லும் ஒன்றோடொன்று சேராது. உப்புநீர் ஒளியைச் சற்றுக் கூடுதலாக வளைப்பதால் அதன் வில் ஏறக்குறைய 1 டிகிரி சிறியது. இரண்டும் ஒரே படத்தில் கிடைத்தால், கடல்நீரின் ஒளிவிலகலை நீங்கள் அளந்துவிட்டீர்கள் என்று பொருள்.

புயலுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதும் கரையில் நிற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் அரைக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. கிழக்கிலிருந்து வந்து கரையேறும் புயலின் மையத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வீசும். தெற்கே நிலத்திலிருந்து கடலுக்கு. மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் இடையே சுமார் 15 கிலோமீட்டர்தான். மையம் இரண்டுக்கும் நடுவே புகுந்தால், வடக்கே இருப்பவர் முகத்தில் கடலே வந்து மோதும். நீர்மட்டமும் அங்கேதான் கூடுதலாக ஏறும். தெற்கே இருப்பவருக்கோ முதுகில் காற்று. அலை அங்கும் வரும். ஆனால் எதிர்க்காற்று அதன் முகத்தைத் தாங்கிப் பிடிப்பதால் அது நிமிர்ந்து நின்று, முகட்டிலிருந்து வெண்பிடரி கடல்பக்கம் பறக்க, தாமதமாக உடையும். லென்ஸும் நனையாது. புயலின் தென்பாதிதான் படக்காரரின் பாதி.

அந்தத் தென்பக்கத்தில் கல்பாக்கம் இருப்பது படக்காரருக்கு உதவாது. அணுமின் நிலைய வளாகத்தை ஒட்டிய கரை தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கே முக்காலியோடு நிற்க முடியாது, நிற்கவும் கூடாது. ஆனால் அலையின் உயரம் அழகுக்கான கேள்வியாக இல்லாமல் வடிவமைப்புக்கான கேள்வியாக இருப்பது அங்கேதான். உலையைக் குளிர்விக்கும் நீர் கடலிலிருந்து, கரையைத் தாண்டி நிற்கும் கிணறு ஒன்றின் வழியாக, தரைக்கடியில் போகும் சுரங்கத்தில் வருகிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்த வழியாகவே பம்ப் நிலையத்துக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அப்போதுதான் கட்டத் தொடங்கியிருந்த வேக ஈனுலையின் அடித்தளக் குழியில் கடல்நீர் நிரம்பியது.

ஆழிப்பேரலையை ஒற்றைப் படத்தில் பிடிக்க முடியாது. சாதாரண அலைக்கு 8 நொடி. அதற்குப் பல நிமிடங்கள். ஒரு சட்டகத்தில் அது வெள்ளம் போலத்தான் தெரியும். நகராத ஒரு பாறையை வைத்து வரிசையாக எடுத்த படங்களில் மட்டுமே ஏறுவதும் இறங்குவதும் புலப்படும். அன்று மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியபோது, வழக்கமாக நீருக்கடியில் இருக்கும் பாறைகள் வரிசையாகத் தெரிந்ததாகக் கரையிலிருந்தவர்கள் சொன்னார்கள். கடல் திரும்பிப் போன பிறகு, மணல் அரிக்கப்பட்ட இடங்களில் யானைத் தலையும் பாயும் குதிரையும் செதுக்கிய பாறைகள் வெளிப்பட்டன. வடக்கே சாளுவன்குப்பத்தில், அலை துலக்கிய கல்வெட்டைப் பின்தொடர்ந்து தோண்டிய தொல்லியல் துறை, பல்லவர் காலக் கற்கட்டுமானத்துக்குக் கீழே அதற்கும் முந்தைய செங்கல் முருகன் கோயிலைக் கண்டது.

மணல் இப்படி ஒரே நாளில் போவது அரிது. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்த் திரும்புவது வழக்கம். சென்னைக் கரை மீனவர்கள் வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டத்தை வன்னி என்பார்கள், தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்பார்கள். கச்சான் காற்றுக் காலத்தில் மணல் வடக்கே நகர்கிறது, வாடைக் காலத்தில் தெற்கே. ஆண்டின் மொத்தக் கணக்கில் வடக்கு நகர்வே வெல்கிறது. 1870களில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டதும், அவற்றுக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே ராயபுரத்தைக் கடல் தின்றது. தூண்டில் வளைவு போட்ட ஒவ்வொரு மீனவர் குப்பத்திலும் இதே கதையின் சிறு பதிப்பு நடக்கிறது.

அதனால் மகிடாசுரமர்த்தினி பாறையின் 'உயரம்' மாதத்துக்கு மாதம் மாறும். சித்திரையில் மணல் அதன் இடுப்பு வரை ஏறி நிற்கும். மார்கழியில் அடி தெரியும். மணல் இறங்க இறங்கப் பாறையடியில் ஆழம் கூடுகிறது. ஆழம் கூடினால், முன்பே சொன்ன முக்கால் பங்கு விதிப்படி, உடையாத பெரிய அலைகள் பாறைக்கு வந்து சேர்கின்றன. வாடைக் காலத் தெறிப்பு உயர்வதற்குக் காற்று பாதிக் காரணம், காணாமற்போன மணல் மீதிக் காரணம். ஒரே இடத்தில் முக்காலியை ஊன்றி, ஒரே லென்ஸில், மாதம் ஒரு படம் எடுத்தால் போதும். மாடத்தின் விளிம்பிலிருந்து மணல்வரை எத்தனை பிக்சல் என்று எண்ணி ஒரு வரைபடம் போட்டுவிடலாம். என் கணிப்பில், புயலன்று எடுக்கும் நூறு படங்களை விட இந்தப் பன்னிரண்டு படங்கள் மதிப்பு மிக்கவை. மாமல்லபுரத்துக் கடலடியில் ஆய்வு செய்த தேசியக் கடலியல் நிறுவனத்தார், கரை ஆண்டுக்கு 55 சென்டிமீட்டர் அரிக்கப்படுவதாக எடுத்துக்கொண்டு, 1500 ஆண்டுகளுக்கு முன் கரை 800 மீட்டர் அப்பால் இருந்திருக்கலாம் என்று எழுதினார்கள். அரிப்பு அவ்வளவு காலமும் ஒரே சீராக நடந்திருக்கும் என்று நம்புவது எனக்குக் கடினம். பெருக்கிப் பார்க்க ஆசையாக இருக்கும் எண்கள் எல்லாம் பெருக்கத் தகுந்தவை அல்ல. ஆனால் நம் ஆயுளுக்குள் கரை என்ன செய்கிறது என்பதை ஒரு செல்போன் பதிவு செய்துவிடும்.

படம் அளவுக்குப் பயன்பட வேண்டுமானால் அது ஒரே திறப்பில் எடுத்த படமாக இருக்க வேண்டும். இந்தச் சிக்கலும் பழையது. 1850களில் பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடலலைகளைப் படமெடுத்தபோது, அன்றைய கண்ணாடித் தகடுகளில் வானம் வெளிறிப் போகும், இல்லையென்றால் கடல் இருண்டு போகும். கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு வேறொரு நெகட்டிவ் எடுத்து ஒட்டி அச்சிட்டார். அழகான படங்கள். இன்றைய செல்போன் எச்டிஆர் என்ற பெயரில் இதைத் தானாகவே செய்கிறது: பல சட்டகங்களை ஒன்றாக்கித் தருகிறது. அசையாத பாறைக்குப் பரவாயில்லை; பறக்கும் நீரில் ஒரே துளி இரண்டு இடத்தில் நிற்கும். அளக்கப் போகும் படத்துக்கு அதை அணைத்துவிடுங்கள். நுரையை அளவுக்கு மீறி வெளுக்க விடாதீர்கள். வெளுத்துவிட்டால் தெறிப்பின் விளிம்பு வெள்ளை மேகத்தோடு கலந்து, உயரம் எங்கே முடிகிறது என்றே தெரியாது.

கடைசியாக, எங்கே நிற்பது. கடலலைகளின் உயரம் ஒரே சீரானதல்ல. அதற்கொரு புள்ளியியல் உண்டு. எல்லா அலைகளிலும் மிகப் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரியைத்தான் 'அலை உயரம் இத்தனை மீட்டர்' என்று வானிலை அறிக்கையும், ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸின் எச்சரிக்கையும் சொல்கின்றன. நூறு அலைகளில் ஒன்று அதைப் போல ஒன்றரை மடங்கு இருக்கும். 8 நொடிக்கு ஒன்று என்றால் நூறு அலை என்பது 13 நிமிடம். ஆயிரத்தில் ஒன்று கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதற்கு இரண்டே கால் மணி நேரம். 2 மீட்டர் என்று அறிவிக்கப்பட்ட கடலில், நீங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஒரு 3 மீட்டர் அலை வந்துபோகும். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் கிட்டத்தட்ட 4 மீட்டர். முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு 'இதுவரைதான் வருகிறது' என்று பாறைமேல் ஏறுபவரைத்தான் அலை இழுத்துப்போகிறது. மணலில் ஈரம் எங்கே முடிகிறதோ அதற்கும் மேலே, காய்ந்த குப்பையும் சருகும் ஒதுங்கிய கோட்டுக்கும் மேலே முக்காலியை ஊன்றுங்கள்.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய பிறகு போலீஸ் கரைப்பக்கம் விடமாட்டார்கள். விட்டாலும் போக வேண்டாம். அறிவியலுக்காகச் சொன்னாலும் அழகுக்காகச் சொன்னாலும், புயலின் உச்சம் மோசமான நேரம்: வெளிச்சம் இல்லை, அடிவானம் இல்லை, லென்ஸில் உப்பு. காற்று அடங்குவது போல அலை உடனே அடங்குவதில்லை. புயல் கரையேறி வலுவிழந்த மறுநாள், மேகம் கிழிந்து வெயில் விழும்போது, கடலில் முன்பே புறப்பட்ட அலைகள் இன்னும் வந்துகொண்டிருக்கும். காற்றின் அலங்கோலம் இல்லாமல், நீண்ட இடைவெளியில், வரிசை குலையாமல் வரும். பாறையடியில் மணலும் அப்போது குறைவு. அடிவானம் கத்தி வைத்துக் கீறியது போல் தெளிவாக இருக்கும். மாடத்தின் விளிம்பு படத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள், கேமரா கடிகாரத்தைச் சரியாக வையுங்கள், வீடியோவையும் ஓடவிடுங்கள்.